ஊற்றுக்கு மேலே கழிப்பறைக் குழிகள்: ஊர் மக்களை எங்கிருந்து சேர்ப்பது?

கேள்வி: மலைச்சாரல் (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரியிலிருந்து கீழ்க்கோத்தகிரிக்குச் செல்லும் வழியில் உள்ள ஓர் ஊராட்சியில், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பில் பொறுப்பு வகிக்கிறேன். கழிப்பறையையும் குடிநீரையும் சீர்ப்படுத்தும் வேலையில் ஊர் மக்கள் பெயரளவில் இல்லாமல் முழுமனத்துடன் பங்கேற்க என்ன செய்யலாம் என்று, இவ்வேலையில் பழக்கமுள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரே மலைச்சரிவில் மூன்று குடியிருப்புகள் இருக்கின்றன. மேலே ஹட்டி, அதாவது படுகர்களின் ஊர். அதற்குக் கீழே, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பெரும்பாலும் வாழும் லைன் வீடுகள் (வரிசை வீடுகள்). எல்லாவற்றுக்கும் கீழே, காட்டோரமாக, இருளர் குடியிருப்பு. லைன் வீடுகளுக்கும் இருளர் குடியிருப்புக்கும் இடையில் பாறை இடுக்கிலிருந்து ஓர் ஊற்று வருகிறது. குழாயில் தண்ணீர் வராத நாள்களில் நடுவில் இருப்பவர்களுக்கும், எல்லா நாள்களிலும் கீழே இருப்பவர்களுக்கும் அதுதான் குடிநீர்.

தூய்மை பாரத இயக்கம் 2014இல் தொடங்கிய பிறகு, வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் இங்கும் கழிப்பறைகள் கட்டப்பட்டன. பதிவேட்டின்படி எல்லா வீடுகளிலும் கழிப்பறை உண்டு. நேரில் பார்த்தால், ஒரு வீட்டில் அதற்குள் விறகு அடுக்கியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் கதவின் கீழ்ப்பாதி நனைந்து இற்றுப்போனதால் சாக்குத் தொங்குகிறது. அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இருட்டும்வரை காத்திருந்து தேயிலைக்குள் போகிறார்கள். காட்டுமாடும் கரடியும் நடமாடும் நேரம் அது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வீடுகளின் குழிகளுக்குள் மண்ணிலிருந்தே நீர் ஊறி நிரம்பி, கோப்பைக்குள் திரும்பி ஏறுகிறது. ஒரு முறை அப்படி ஏறிவிட்ட கழிப்பறையை அதன்பிறகு அந்த வீட்டுப் பெண்கள் நம்புவதே இல்லை.

கிராம சபையில் இதைப் பேசாமல் இல்லை. கழிப்பறையை அனைவரும் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானமும் நிறைவேறியிருக்கிறது. ஆனால் கூட்டத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஹட்டியைச் சேர்ந்த ஆண்கள். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால், சிறு விவசாயிகளின் தோட்டங்களில் அன்றாடக் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவர் இருவர் வந்தாலும், கடைசி வரிசையில் அமர்ந்து, கையொப்பமிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊற்று நீரைக் குடிப்பவர்கள் பேசாத கூட்டத்தில் ஊற்றைப் பற்றி என்ன தீர்மானம் போட்டு என்ன பயன் என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு பயிற்சியில், திறந்தவெளிக்குச் செல்பவர்களைக் கண்டால் சிறுவர்களை விசில் ஊதச் சொல்லுங்கள், வெட்கம் வந்தால் தானாகப் பழக்கம் மாறும் என்று அறிவுறுத்தினார்கள். என் மனம் அதற்கு ஒப்பவில்லை. அதே சமயம், குழிகளின் கசிவு ஊற்றில் கலக்கிறது என்று வெளிப்படையாகப் பேசினால், மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களின் நீரைக் கெடுக்கிறார்கள் என்ற சண்டையாக அது முடிந்துவிடுமோ என்றும் அஞ்சுகிறேன். யாரிடமிருந்து, எதை முன்வைத்துத் தொடங்குவது?

பதில்: ஓவர்சியர் (குன்னூர்)

வணக்கம் அம்மா. ஊரக வளர்ச்சித் துறையின் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மக்கள் பங்கேற்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் விவரித்திருப்பதில் பாதிக்கு மேல் குழியின் கோளாறும் தண்ணீரின் தட்டுப்பாடும்தான். பழுதான கழிப்பறையைப் பயன்படுத்தாத குடும்பத்திடம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். ஆகவே முதலில் வீடு வீடாகச் சென்று பழுதைப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண்ணையே உடன் நிறுத்தி, மூடியைத் திறந்து, எது எங்கே அடைத்திருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள். கூட்டம் போடுவதற்கு முன்பே பங்கேற்பு அங்கே தொடங்கிவிடும்.

அரசு பரிந்துரைக்கும் இரட்டைக் குழி முறையில், ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட இரண்டு குழிகள் இருக்கும். ஒரு குழி நிரம்பியதும், இடையிலுள்ள சிறு தொட்டியில் வழியை அடைத்து மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். நான் பார்த்த பல ஊர்களில், இரண்டு குழிகளுக்கும் ஒரே நேரத்தில் வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றாக நிரம்பி, எதையும் அள்ள முடியாமல் போனது. கட்டிய ஒப்பந்தக்காரர் வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை என்பதுதான் காரணம். செங்கல் ஒன்றை இடம் மாற்றி வைக்கும் வேலைதான் அது. ஆனால் அதை யாராவது ஒரு முறை செய்து காட்ட வேண்டும்.

அடுத்து நம் மலைக்கே உரிய சிக்கல். குழியின் அடிப்பகுதி, மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழையின்போது நீர் மண்ணுக்குள் பக்கவாட்டில் நகர்ந்து வருவதால், கோடையில் தோண்டிய குழியை மட்டும் பார்த்து முடிவு செய்தால் கார்த்திகையில் அது கிணறாகிவிடும். இத்தகைய இடங்களில் குழியின் ஆழத்தைக் குறைத்து, உறையைத் தரைக்கு மேல் உயர்த்தி, சுற்றிலும் மண் அணைத்துக் கட்டுவதே சரி. கோப்பையின் மேடையும் அதற்கேற்ப உயர வேண்டும். இரண்டு குழிகளையும் சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்காமல், சமமட்டத்தில் அருகருகே வையுங்கள். மேல் வீட்டுக் குழியின் ஈரம் கீழ் வீட்டின் பின்சுவரில் இறங்குவதை எத்தனையோ லைன்களில் கண்டிருக்கிறேன்.

நீராதாரத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளியிருந்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். நுண்ணிய மண்ணில் அது பொருந்தும், ஏனெனில் அந்த மண் கிருமிகளை வடிகட்டும். பாறை வெடிப்பின் வழியாக வரும் ஊற்றுக்கு அந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஊற்றுக்கு நேர் மேலே உள்ள வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அவற்றின் குழிகளைச் சரிவின் வேறு பக்கத்துக்கு மாற்றக் குழாய் போடுவதற்கே முதல் செலவை ஒதுக்குங்கள்.

கோப்பையையும் பாருங்கள். 25 முதல் 28 பாகை வரை சரிவுள்ள கிராமியக் கோப்பைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர் போதும். கடையில் கிடைத்த தட்டையான நகரத்துக் கோப்பையைப் பதித்திருந்தால் ஒவ்வொரு முறையும் பெரிய வாளி நீர் வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து லிட்டரில் முடிய வேண்டியது ஐம்பது லிட்டராகிறது. ஊற்றிலிருந்து குடம் சுமந்து ஏறும் பெண், அந்த வித்தியாசத்தை நம்மைவிட நன்றாக அறிவார். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் இலக்கு; அது உங்கள் லைன் வீடுகளுக்கு உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அளந்து, எழுத்தில் ஊராட்சிக்குக் கொடுங்கள்.

தோண்டும் வேலையைத் தை முதல் சித்திரை வரையான காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பொக்லைன் இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், கடப்பாரையும் மண்வெட்டியும்தான் நமக்கு வழி. மழை மண்ணில் அது ஆபத்து.

பதில்: காப்பிக்காடு (தாண்டிக்குடி)

கீழ்ப்பழனி மலையிலிருந்து எழுதுகிறேன், அக்கா. விசில் ஊதும் யோசனைக்கு உங்கள் மனம் ஒப்பாதது மிகவும் சரியே.

சமூகமே முன்னின்று நடத்தும் முழுச் சுகாதார முறை என்பது 1999–2000 காலத்தில் வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி பகுதியில் கமல் கர் என்பவர் முன்னெடுத்தது. மானியம் கொடுத்துக் கட்டித் தருவதை நிறுத்திவிட்டு, ஊரார் தங்கள் ஊரின் வரைபடத்தைத் தரையில் தாங்களே வரைந்து, மலம் எங்கே கிடக்கிறது, அது எப்படித் தங்கள் சோற்றுக்கும் நீருக்கும் வந்து சேர்கிறது என்று தாங்களே கண்டறியச் செய்வது அதன் சாரம். அந்தக் கண்டறிதல்தான் மதிப்புள்ளது. பல இடங்களில் அதை விட்டுவிட்டு, வெட்கப்படுத்துவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்; விசில், புகைப்படம், ரேஷனை நிறுத்துவோம் என்ற மிரட்டல் என்று அது வளர்ந்தது. கழிப்பறை பழுதான வீட்டாரும், நிலமில்லாதவரும், முழங்கால் மடக்க முடியாத முதியவரும்தான் அதில் அடிபட்டார்கள். உங்கள் ஊரில் யார் மேல் அந்த விசில் ஊதப்படும் என்று எண்ணிப் பாருங்கள்: லைன் வீட்டுப் பெண்கள் மேலும் இருளர் மேலும்தான். அதற்குப் பிறகு அவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார்கள்.

ஊற்றைப் பற்றிப் பேசினால் சண்டை வரும் என்ற அச்சத்துக்கு, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். நீரில் மலக்கலப்பு உண்டா என்று அறிய ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்ற எளிய சோதனை இருக்கிறது. இந்திய அறிவியலாளர்கள் 1982இல் வெளியிட்ட முறை அது. குப்பியில் குறித்த அளவுக்கு நீரை ஊற்றி மூடி வைத்தால், கிருமி இருக்கும்போது நீர் கறுத்துவிடும். ஜல் ஜீவன் இயக்கத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று ஏற்பாடு உள்ளது. சோதனைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். மலைக்குளிரில் கிருமி மெதுவாக வளரும் என்பதால் ஒரே நாளில் முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் குப்பியைக் கம்பளித் துணியில் சுற்றி அடுப்படிச் சுவரை ஒட்டி வைத்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள்.

நாங்கள் ஓடையை மட்டும் சோதிக்கவில்லை. மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், பள்ளித் தொட்டி, சில வீடுகளின் குடம் என்று எல்லா இடத்து நீரையும் ஒரே நாளில் எடுத்து, குப்பிகளை ஊர் மந்தையில் வரிசையாக வைத்தோம். மூடி உடைந்திருந்த மேல்நிலைத் தொட்டியின் குப்பிதான் முதலில் கறுத்தது. தங்கள் நீர் சுத்தம் என்று நினைத்திருந்த தெருவினர் அதைப் பார்த்த பிறகு, அடுத்த தெருவைக் குறை சொல்லும் பேச்சு எழவே இல்லை. காப்பிப் பழத்தைக் கூழ் நீக்கிய கழிவுநீரை நாங்களே ஓடையில் விட்டுக்கொண்டிருந்ததும் அன்று பேச்சுக்கு வந்தது, அதற்குத் தனிக் குழி வெட்ட வேண்டியதாயிற்று. குப்பி கறுத்தால் அது எச்சரிக்கை. உறுதி செய்ய மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதுவரை கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலுள்ள உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், மூன்று நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும்.

கூட்டத்தைப் பொறுத்தவரை, மக்களை அழைப்பதைவிட அவர்கள் கூடும் இடத்துக்கு நீங்கள் போவது மேல். மாலையில் கொழுந்து எடை போடும் கொட்டகையில் பெண்கள் வரிசையில் காத்திருப்பார்கள் அல்லவா? அங்கே பேசிய பிறகு, கிராம சபைக்குத் தீர்மானத்தை எழுதிக்கொண்டு போங்கள். இப்போது தமிழ்நாட்டில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால், ஊற்றைப் பற்றிய தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

பதில்: லைன் வீட்டுப் பிள்ளை (பந்தலூர்)

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் இருவரும் தொடாத ஒன்றை முதலிலேயே பேசியாக வேண்டும். நிரம்பிய குழியை யார் அள்ளுவது?

நம் மலைப்பாதைகளில் கழிவுநீர் உறிஞ்சும் லாரி பல லைன்களுக்கு வந்து சேராது. வராத இடத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரவில், குடித்துவிட்டு இறங்கு என்று பணத்தைக் கையில் கொடுத்து, ஒரே சாதியைச் சேர்ந்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள். 1993இலும் பிறகு 2013இலும் சட்டம் இயற்றி இதைத் தடை செய்திருக்கிறார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது குற்றம். ஊர் மக்கள் பங்கேற்பு, சிரமதானம் என்று பேசும் கூட்டங்களில், கடைசியில் மண்வெட்டியைப் பிடிப்பவர்கள் யார் என்று கவனித்துப் பாருங்கள். ஹட்டியின் சாக்கடையை லைன் வீட்டார் சுத்தம் செய்வதற்கும், தூய்மைக் காவலர் ஒருவரே மூன்று குடியிருப்புக் குப்பையைச் சுமப்பதற்கும் பங்கேற்பு என்று பெயர் வைத்துவிடக் கூடாது. தன் வீட்டுக் குழியின் பொறுப்பு தன் வீட்டுக்கே என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஏற்க வேண்டும். இரட்டைக் குழியை ஓவர்சியர் ஐயா சொன்னபடி சரியாகப் பயன்படுத்தினால், மக்கி மண்ணாகிப் போனதை வீட்டாரே எடுத்துவிடலாம் என்பதால், செப்டிக் டேங்கைவிட அதுவே எங்களைப் போன்றவர்களுக்கு நியாயமான ஏற்பாடு.

இன்னொன்று, லைன் வீடுகள் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானவையா என்று பாருங்கள். தொழிலாளர்களுக்குக் கழிப்பறை வசதி செய்து பராமரிப்பது நிர்வாகத்தின் கடமை என்பது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஊராட்சிப் பணத்தையும் மக்கள் உழைப்பையும் செலவிடுவதற்கு முன்பு, நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்த எங்கள் தாத்தா பாட்டிகளுக்கு வரிசை வீடுகள் கிடைத்தன. அந்த வரிசையின் கடைசியில் இருந்த பொதுக் கழிப்பறைக்குக் கதவு கேட்டே ஒரு தலைமுறை போய்விட்டது. இது தானமாகக் கேட்பதில்லை.

பதில்: காட்டோரம் (கோத்தகிரி)

நான் இருளர் வீட்டுப் பெண், நர்சிங் படிக்கிறேன். அக்கா எழுதியிருப்பது எங்கள் ஊராக இல்லாவிட்டாலும், எங்கள் ஊரும் அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் கழிப்பறை கட்டியபோது, இடம் எது என்று யாரும் கேட்கவில்லை. அடுப்படிச் சுவரை ஒட்டிக் கட்டிவிட்டார்கள். ஜல்லி இறக்க அந்தப் பக்கம்தான் வசதியாக இருந்ததாம். என் பாட்டி இன்றுவரை அதற்குள் காலெடுத்து வைக்கவில்லை. சோறு ஆக்கும் இடத்துக்குப் பின்னால் அதை வைப்பாயா என்று அவர் கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்தடி தள்ளி வைத்திருந்தால் அவரும் பயன்படுத்தியிருப்பார்.

கூட்டத்தில் எங்கள் ஆட்கள் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே உள்ள சமுதாயக் கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால், அவர்களிடம் நாளை வேலைக்குப் போக வேண்டியவர்கள் எப்படிப் பேசுவார்கள்? கூட்டத்தை எங்கள் குடியிருப்பில் வையுங்கள். ஹட்டிப் பெரியவர்களும் இறங்கி வந்து அங்கே உட்காரட்டும், ஊற்று நீரையும் குடித்துப் பார்க்கட்டும். காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவர வன உரிமைச் சட்டம் 2006இன் பிரிவு 3(2) வழி தருகிறது. ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்துக்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு ஹட்டிக்காரர்கள் கை தூக்கினால், அவர்கள் எங்களோடு இருக்கிறார்கள் என்று நாங்களும் நம்புவோம்.

மலைச்சாரல் (கோத்தகிரி)

எல்லோருக்கும் நன்றி. தங்கை எழுதியதைப் படித்த பிறகு, முதல் கூட்டத்தைக் கீழே இருளர் குடியிருப்பிலேயே வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஹட்டியின் ஊர்ப் பெரியவரிடம் பேசினேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் குழிகளைப் பார்வையிடும் வேலையை மூன்று குடியிருப்பிலிருந்தும் பெண்களைச் சேர்த்துத் தொடங்குகிறோம். குப்பிச் சோதனையில் ஹட்டியின் தொட்டி நீரையும் கட்டாயம் சேர்ப்போம். லைன் வீடுகளில் எவை நிர்வாகத்துக்கு உரியவை, எவை தனிப்பட்டாவில் உள்ளவை என்று பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறோம், தம்பி. குழியை அள்ளும் பொறுப்பைப் பற்றிய பேச்சை முதல் கூட்டத்தில் முதல் பொருளாகவே வைத்திருக்கிறேன்.

ஓவர்சியர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். நிரம்பிய குழியை மூடி ஓராண்டு கழித்து அள்ளலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. மார்கழியில் உறைபனி விழும் எங்கள் ஊரிலும் ஓராண்டு போதுமா?

ஓவர்சியர் (குன்னூர்)

போதாது, அம்மா. ஓராண்டு என்பது சமவெளியின் வெப்பத்துக்கு உரிய கணக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 20 பாகை செல்சியசுக்குக் குறைவான குளிர்ப் பகுதிகளில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை மூடி வைத்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டு முழு ஆண்டுகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ப, ஆறு பேருக்கு மேல் உள்ள வீடுகளில் குழியின் அகலத்தைக் கூட்டுங்கள். ஆழத்தைக் கூட்டினால் கார்த்திகை நீர் ஏறிவிடும். மூடிய நாளை மூடியின் சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் மாதமும் ஆண்டும் கீறி வையுங்கள். ஆசிட்டும் பினாயிலும் குழிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அவற்றால் செத்துவிடும். நாப்கினையும் துணியையும் உள்ளே போட வேண்டாம் என்பதைப் பெண்களின் கூட்டத்தில் தனியாகப் பேசி, அதற்கு வேறு வழியை அவர்களே முடிவு செய்யட்டும். எடுக்கும் மண் உலர்ந்து, வாடையின்றி, கையில் உதிர்வதாக இருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் மீண்டும் மூடிவிடுங்கள். பார்வையிடும் நாளை எனக்குத் தெரிவித்தால், குன்னூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்துவிடுகிறேன்.